ஆறாம் மாடியில் வீடு வாங்கலாமா? அடுத்த இருபது வருடத்தைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 34. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு, வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை, ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள், கூடவே 66 வயது அம்மா, அவருக்குச் சீனி வருத்தம். தெகிவளைப் பக்கம் ஆறாம் மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 30 வீதத்தை எடுத்து அதை வாங்குவதா, இல்லை கனடாவுக்கு விண்ணப்பம் போடுவதா என்பது கேள்வி. "பொருளாதாரம், நோய், காலநிலை என்று ஆளுக்கொரு பக்கம் பயமுறுத்துகிறார்கள், அடுத்த இருபது வருடம் இந்த நாடு எப்படி இருக்கும் என்று யாராவது நேராகச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நான் காப்புறுதித் துறையில் இருபத்திரண்டு வருடம் கணக்குப் பார்த்தவன். சாத்திரம் தெரியாது. ஆனால் எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது, நாளை என்ன நடக்கும் என்று கேட்பதற்கு முன் எது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று பார்ப்போம். 2045 இல் 60 வயதைத் தாண்டியிருக்கப் போகிறவர்கள் எல்லோரும் பிறந்தாகிவிட்டது, அவர்களில் பாதிப்பேர் இந்நேரம் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். அது நிச்சயமான கணக்கு. 2045 இல் டொலர் என்ன விலை என்று ஒருவர் சொன்னால் அவரிடம் எதையும் வாங்காமல் எழும்பி வந்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வெள்ளம், வெப்பம், மின்சாரம், வேலை எல்லாம் வரிசையாக வருகின்றன. நிச்சயமானதில் தொடங்குகிறேன், அங்கேதான் கனக்க நேரம் நிற்பேன்.

2012 இல் இலங்கையில் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். 2024 இல் பதிவானது சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம். பன்னிரண்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நாங்கள் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். உங்கள் சின்னவர் அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒருவர். 2024 இல் பிறந்த பிள்ளைகள் 2030 தையில் முதலாம் வகுப்புக்குப் போவார்கள். வாக்காளர் பட்டியலையும் மின்சார பில்லையும் தூக்கிக்கொண்டு பாடசாலை அனுமதிக்கு அலைகிற கூத்து பெயர்பெற்ற நாலைந்து பாடசாலைகளில் அப்போதும் இருக்கும். மற்ற இடங்களில், குறிப்பாகக் கொழும்பின் சின்னத் தமிழ்ப் பாடசாலைகளில், அதிபர்மார் பிள்ளை தேடி வீடு வீடாகப் போகிற காலம் வரும்.

மறுபக்கம் முதியவர்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். 2024 இல் எடுத்ததில் 12.6 பேர். உழைக்கும் வயதில் இருப்பவர்களின் பங்கு இரண்டு தடவையும் கிட்டத்தட்ட அதேதான், 67 வீதத்துக்கு ஒட்டி. வகுத்துப் பாருங்கள்: 2012 இல் ஒரு முதியவருக்கு எட்டரைப் பேர் உழைக்கும் வயதில் இருந்தார்கள், இப்போது ஐந்தேகால் பேர். அந்த ஐந்தேகாலிலும் எல்லோரும் உழைப்பதில்லை, பெண்களில் மூன்றில் ஒருவர்தான் வேலைச்சந்தையில் இருக்கிறார். முதியோர் பங்கு 7 வீதத்திலிருந்து 14 வீதமாக ஏற பிரான்சுக்கு நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அவர்கள் பணக்கார நாடாகி, ஓய்வூதியம், முதியோர் இல்லம் எல்லாம் கட்டி முடித்துவிட்டார்கள். நாங்கள் அதே தூரத்தை ஒரு தலைமுறைக்குள் ஓடுகிறோம், அதுவும் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி பகிரங்கமாகச் சொன்ன நாடாக.

இதற்கு மேல் ஆள் போவதையும் சேருங்கள். 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனார்கள், பிறகு வந்த இரண்டு வருடமும் கிட்டத்தட்ட அதே அளவு. படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் போகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் அனுப்பும் பணம் 2024 இல் ஆறரை பில்லியன் டொலரைத் தாண்டியது, அந்தப் பணம் இல்லையென்றால் இன்றைக்கு பெற்றோல் இல்லை, அது உண்மை. ஆனால் பணம் வந்து அம்மாவுக்கு ஊசி போடாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் மாலை நேரம் நடந்து பாருங்கள், பல்கனிகளில் தனியே இருக்கும் அம்மாக்கள், அப்பாக்கள். பிள்ளைகள் டொரொண்டோவில், லண்டனில், மெல்பேர்னில். வீட்டில் கூட இருப்பவர் ஹட்டன் பக்கத்திலிருந்தோ பதுளைப் பக்கத்திலிருந்தோ வந்த ஒரு அக்கா. அந்த அக்காவின் அம்மா தோட்டத்து லயத்தில் தனியே. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த அக்காவின் மகள் படித்துவிட்டாள், அவள் இந்த வேலைக்கு வரமாட்டாள், வரவும் கூடாது. அப்போது யார் வருவார்? உங்களுக்கு 50 வயது வரும்போது கொழும்பில் மிகவும் விலை ஏறியிருக்கப் போகிற பொருள் காணியோ தங்கமோ இல்லை, வீட்டுக்கு வந்து ஒரு முதியவரைத் தூக்கி இருத்தும் ஒரு சோடிக் கை என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம், ஆனால் மேலே உள்ள கணக்கிலிருந்து வந்த ஊகம்.

இனி உங்கள் சேமலாப நிதி. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. தனியார் துறையில் இருக்கும் எங்களுக்கு உள்ளது 1958 இல் தொடங்கிய இந்த நிதிதான்: உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேறாக 3 வீதம். 55 வயதில் (பெண்களுக்கு 50) மொத்தமாகக் கையில் தந்துவிடுவார்கள். மாதாமாதம் வருவது என்று ஒன்று கிடையாது. தனியார் துறையில் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பக்கூடிய வயதை 2021 இல் சட்டம் போட்டு 60 ஆக்கினார்கள், அது நல்லது, ஆனால் 60 இல் எடுத்த காசு 85 வரை ஓட வேண்டும்.

அந்தக் காசுக்கு என்ன நடந்தது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதை நான் என் சகோதரிக்கே காகிதத்தில் எழுதிக் காட்டியது. 2020 முடிவில் உங்கள் கணக்கில் 100 ரூபாய் என்று வையுங்கள். 2021 க்கு 9 வீதம், 2022 க்கு 9 வீதம், 2023 க்கு 13 வீதம் வட்டி போட்டார்கள். 2023 முடிவில் 134 ரூபாய். பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. அதே மூன்று வருடத்தில் கொழும்பில் விலைவாசி ஏறக்குறைய 1.8 மடங்காகியது, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, உணவுக்கு மட்டும் பார்த்தால் 95 வீதத்துக்கு ஒட்டி. ஆகவே அந்த 134 ரூபாய்க்குப் பழைய விலையில் 73, 74 ரூபாய்க்குச் சாமான் வாங்கலாம். யாரும் களவெடுக்கவில்லை, கணக்கில் ஒரு சதம் குறையவில்லை, நாலில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. பத்து வருடம் மாதாமாதம் பல்லைக் கடித்துக் கட்டியவன் எவனாவது தெருவில் இறங்கினானா? இல்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் 2023 இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது நிதியின் கையில் இருந்த பிணைமுறிகளை (அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களை) நீண்ட காலப் பிணைமுறிகளாக மாற்றினார்கள், முதல் சில வருடம் 12 வீதம், அதன்பிறகு 9 வீதம் வட்டி. இனி வரும் வருடங்களில் உங்கள் ஓய்வுக்காலம் தங்கியிருப்பது அந்த 9 இல் இல்லை, விலைவாசி எங்கே நிற்கிறது என்பதில். மத்திய வங்கி 5 வீதத்தை இலக்காக வைத்திருக்கிறது, 2023 இல் வந்த புதிய சட்டப்படி அரசாங்கத்துக்கு நேரடியாகக் காசு அச்சடித்துக் கடன் கொடுக்கவும் முடியாது. அது நின்றால் 9 வீதம் மிக நல்ல வட்டி. அதை ஏதாவது ஒரு தேர்தலுக்கு முன் தளர்த்தினால், பழைய கதைதான். எனவே பத்திரிகையில் எதையாவது ஒன்றைத் தொடர்ந்து படிப்பதென்றால் அமைச்சர்களின் பேச்சை விட்டுவிட்டு மாத முடிவில் வரும் பணவீக்க எண்ணைப் படியுங்கள்.

டொலர் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதில் நம்பிக்கையான கணக்கு இல்லை. கடன்காரர்களோடு 2024 முடிவில் ஒப்பந்தம் முடிந்தது, பெரிய தவணைகள் 2028 இலிருந்து ஏறும். ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் நாங்கள் வெளிநாட்டவர் கையில் உள்ள பிணைமுறிகளுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2028 ஐ ஒரு மேட்டு வளைவு என்று வையுங்கள். அந்த வருடத்துக்குள் டொலரில் கடனோ, மாறும் வட்டியில் பெரிய கடனோ வைத்திருக்காமல் இருந்தால் போதும், மற்றதை மத்திய வங்கி பார்த்துக்கொள்ளட்டும்.

இனி அம்மா. உங்கள் கேள்வியில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார், என்னைக் கேட்டால் கேள்வியே அவர்தான்.

எங்கள் சுகாதாரத் துறையைப் பற்றிப் பெருமைப்பட நியாயம் உண்டு. 1934, 35 இல் மலேரியாவில் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் செத்த தீவு இது. 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் கொடுத்தது. பிரசவம், தடுப்பூசி, குடும்ப நல மருத்துவ மாது என்று எல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சமமாகச் செய்தோம், அதுவும் இலவசமாக. ஆனால் கவனித்துப் பாருங்கள், அதெல்லாம் ஒரு முடிவுள்ள வேலைகள். காய்ச்சல் வரும், மருந்து கொடுப்பார்கள், மாறும் அல்லது சாவார்கள். பிள்ளை பிறக்கும், வீட்டுக்குப் போவார்கள். இப்போது வருகிற நோய்கள் முடிவதில்லை. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், சிறுநீரகம். இந்த நாட்டில் நடக்கும் சாவுகளில் பத்துக்கு எட்டு இந்த வகை. 2018, 19 இல் நாடளாவிய ரீதியில் எடுத்த ஒரு ஆய்வில் வயது வந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு என்று வந்தது. கொழும்பில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கிளினிக் நாளில் விடிய ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள், கையில் கிளினிக் கொப்பியோடு வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். முப்பது வருடம் நீடிக்கும் நோயை, ஒரு கிழமையில் மாறும் நோய்க்காகக் கட்டிய கட்டடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நெருக்கடிக் காலத்தில் டொக்டர்மார் நூற்றுக்கணக்கில் போனார்கள் என்பது வேறு.

மருந்தும் பரிசோதனையும் கையிலிருந்து கொடுத்து வாங்குவது கூடிக்கொண்டே போகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே லாப்பில் சோதனை, வெளியே பார்மசியில் மருந்து, ஆஸ்பத்திரியில் டொக்டர் மட்டும் இலவசம் என்கிற நிலை இப்போதே பாதி வந்துவிட்டது. அம்மாவுக்கு 66 வயதில் புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுக்கப் போனால் இருக்கும் நோயை விலக்கித்தான் தருவார்கள், என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன், அதற்குக் கட்டும் காசை மாதாமாதம் வேறாகப் போட்டு வையுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் இப்போதே எடுங்கள். அப்படியே ஒரு தடவை வெறும் வயிற்றில் சீனி பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கு வாய்ப்புக் கூட, 34 வயது என்பது எங்கள் ஆட்களுக்கு இளமை இல்லை.

டெங்கு இருக்கிறது, 2017 இல் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு வந்தது. அது எங்கேயும் போகாது, மேல் மாகாணத்தில்தான் ஒவ்வொரு வருடமும் அதிகம். மன்னாரில் 2016 இல் நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகும் ஒருவகை மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள், இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அதையும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

சுற்றாடலைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லோரும் கடல் ஏறி வெள்ளவத்தையை விழுங்குமா என்று கேட்கிறார்கள். கடல் மட்டம் வருடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் ஏறுகிறது, இருபது வருடத்தில் எட்டுச் சென்ரிமீற்றர். அந்த எட்டுச் சென்ரிமீற்றர் உங்கள் ஆறாம் மாடிக்கு வராது. கரையோர ரயில் பாதைக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். கொழும்பின் பிரச்சினை கடல் பக்கத்தில் இல்லை, முதுகுப் பக்கத்தில். இந்த நகரம் களனி கங்கையின் வாயில் ஒரு சட்டி மாதிரி இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் முதலில் சதுப்புநிலத்தில் போய்த் தங்கும், பிறகு கால்வாய்கள் வழியாக மெதுவாக வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலுக்கும், வடக்கே கங்கைக்கும் போகும். கங்கை நிறைந்திருந்தால் வடக்குக் கதவை மூடிவிடுவார்கள், அப்போது உள்ளே பெய்த மழை உள்ளேயே நிற்க வேண்டும். நாகலகம் வீதியில் கங்கைத் தண்ணீர் எத்தனை அடி என்று வெள்ளக் காலத்தில் செய்தியில் சொல்வதை ஏன் கேட்கிறோம் என்றால் அதனால்தான். 1992 ஜூன் 4 ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் படகு ஓடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள், அதிகமானோர் மலைநாட்டு மண்சரிவுகளில், கொழும்பில் மறுபடியும் அதே வெல்லம்பிட்டி, அதே கடுவெல.

ஏன் மறுபடி மறுபடி அதே ஊர்கள்? அவை சதுப்புநிலத்தின் மேல் நிற்கின்றன. நான் சின்னப் பையனாக இருந்தபோது வெல்லம்பிட்டிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கீரைப் பாத்திகளும் தண்ணீரும். மண்ணைப் போட்டு நிரப்பி வீடு கட்டினார்கள், நிரப்ப மண் கிடைக்காத இடத்தில் குப்பையைக் கொட்டினார்கள். மீதொட்டமுல்லயில் அந்தக் குப்பை மலை 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த வருடம், 2018 இல், கொழும்புக்கு உலகின் முதல் சதுப்புநில நகரங்களில் ஒன்று என்று ராம்சார் (சதுப்புநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) அங்கீகாரம் கிடைத்தது. வேடிக்கையாக இருக்கிறது இல்லையா? ஆனாலும் அந்த அங்கீகாரத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். பெத்தகான, தியசரு பூங்காக்கள் மாதிரி மிச்சமிருக்கும் சதுப்புநிலத் துண்டுகள்தான் இந்த நகரத்தின் வெள்ளக் காப்புறுதி, பிரீமியம் கட்டத் தேவையில்லாத காப்புறுதி, நிரப்பாமல் விட்டால் போதும். அவை இருக்கும் பக்கம் இரவில் சூடும் குறைவு. இதையெல்லாம் விட முக்கியமான ஒரு நடைமுறை யோசனை சொல்கிறேன்: எந்த இடத்தில் வீடு வாங்கினாலும் புரோக்கரைக் கேட்காதீர்கள், முடக்கில் இருக்கும் பலசரக்குக் கடைக்காரரைக் கேளுங்கள், 2016 இல் தண்ணீர் எந்தத் தட்டு வரை வந்தது என்று. அவர் கையால் காட்டுவார்.

வெப்பத்தைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை, நான் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். மாசி முதல் சித்திரை வரை கொழும்பில் வெப்பமானி காட்டுவது 33, 34 தான், ஆனால் ஈரப்பதத்தால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வளிமண்டலவியல் திணைக்களம் இப்போது வெப்பச் சுட்டெண் (வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு சூடு என்ற எண்) எச்சரிக்கை விடுகிறது, 2024 இல் பாடசாலைகளில் வெளி விளையாட்டையே குறைக்கச் சொன்னார்கள். சீனி வருத்தமும் பிரஷர் மருந்தும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு இரவிலும் ஆறாத வீடு ஆபத்து. வெள்ளத்துக்குச் சாவு எண்ணிக்கை செய்தியில் வரும். வெப்பத்தில் போனவரைக் "இதய நோய்" என்று எழுதி மூடிவிடுவார்கள். உங்கள் ஆறாம் மாடி மேல் மாடியா, மேற்கே பார்த்த சுவரா என்பதைப் பாருங்கள். மேல் தட்டு கொங்கிறீட் என்றால் அடுப்புக்குக் கீழே படுப்பது போல.

அப்போது ஏ.சி. போட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்தில் நல்ல செய்தி இருக்கிறது, கூரைகளில் சோலார் 1,000 மெகாவொட்டைத் தாண்டிவிட்டது, அது நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மொத்த 900 ஐ விட அதிகம், பெயரளவில். கெட்ட செய்தியும் அதே இடத்தில்தான். சோலார் பகலில், தேவை இரவில். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், நாடு முழுக்க இருண்டது. குரங்கைப் பற்றி எல்லோரும் சிரித்தார்கள், விஷயம் என்னவென்றால் ஞாயிறு பகல் தேவை குறைவு, வெயிலில் சோலார் அதிகம், பெரிய மின்நிலையங்களின் கனமான சுழலிகள் குறைவாக ஓடும் நேரம், ஒரு சின்ன அடியைத் தாங்க வலையமைப்பில் பாரம் இல்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மக்களைக் கேட்கவேண்டி வந்தது. பெரிய பற்றரிகள் வரும் வரை இப்படித்தான் இழுபடும். பற்றரி விலை வேகமாக இறங்குகிறது, ஆகவே பத்து வருடத்தில் இது தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். அந்தப் பத்து வருடத்தில்தான் நீங்கள் அந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள்.

உங்கள் வேலையைப் பற்றி. இன்வொய்ஸ் பதிவது, பாங்க் கணக்கு ஒப்பிடுவது, இதெல்லாம் செயற்கை நுண்ணறிவு இப்போதே செய்கிறது. உங்களுக்குக் கீழே புதிதாகச் சேர்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், குறைந்திருந்தால் அலை உங்கள் படிக்கு வர மூன்று நான்கு வருடம். வாடிக்கையாளரோடு நேராகக் கதைக்கும், வரிச் சிக்கலுக்குத் தீர்ப்புச் சொல்லும் பக்கத்துக்கு நகருங்கள். இதில் எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

கனடாவா, இங்கேயா? போக வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, என் தம்பியே அங்கேதான். ஒன்று மட்டும்: நீங்கள் போனால் அம்மாவை என்ன செய்வீர்கள் என்பதை விண்ணப்பத்துக்கு முன்னால் அம்மாவோடு உட்கார்ந்து கதையுங்கள், விசா வந்த பிறகு கதைக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவருக்கு 66, எல்லாம் சரியாகப் போனால் இன்னும் இருபது வருடம். முதல் பத்து வருடம் அவர் உங்கள் பிள்ளைகளைப் பார்ப்பார். அடுத்த பத்து வருடம் அவரை யாராவது பார்க்க வேண்டும்.

இங்கே இருப்பதென்றால் வீடு வாங்குவதை நான் தடுக்கமாட்டேன். சேமலாப நிதியில் 30 வீதத்தை எடுப்பது பாவம் என்று சொல்கிறவர்களிடம் மேலே போட்ட 134 ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள், காகிதத்தில் இருக்கும் காசை விடக் கூரை பரவாயில்லை. ஆனால் மிச்சம் 70 வீதத்தைத் தொடாதீர்கள், பாங்கில் எடுக்கும் கடன் தவணை உங்கள் சம்பளம் நின்றால் மனைவியின் சம்பளத்தில் ஓடும் அளவாக இருக்கட்டும்.

நாடு இருண்ட அந்த பெப்ரவரி 9 ஆம் திகதி என் அம்மா ஐந்தாம் மாடியில். கட்டடத்தின் ஜெனரேற்றர் தண்ணீர்ப் பம்புக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும், வாங்கும்போது யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த இன்சுலின் பிரிட்ஜில், பிரிட்ஜ் நின்றுவிட்டது, அவரால் இறங்க முடியாது, நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன், எனக்கே 54. ஆகவே ஆறாம் மாடி வீட்டைப் பார்க்க அடுத்த முறை போகும்போது பளிங்குத் தரையையும் கடல் காட்சியையும் பார்த்த பிறகு கீழே இறங்கி வந்து, காவலாளியிடம், விற்பவரிடம் இல்லை, கேளுங்கள்: மின்சாரம் போனால் லிப்ட் ஜெனரேற்றரில் ஓடுமா, எத்தனை மணித்தியாலத்துக்கு டீசல் இருக்கிறது, கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள் என்று. ஓடாது என்றால் அதே கட்டடத்தில் முதலாம் மாடியோ இரண்டாம் மாடியோ விலைக்கு வருமா என்று பாருங்கள்.